பனி பெய்யாவிட்டால் பணம் தரும் இன்ஷூரன்ஸ் உண்டா?

கோட்டையூர் ஆச்சி:

வெயிலில் வற்றல் காயப்போடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு இன்ஷூரன்ஸ் கேட்கிறாளே என்று சிரிக்க வேண்டாம். என் பணம் அந்தப் பனிக்குள் கிடக்கிறது.

என் தம்பி மகன் அமெரிக்காவில், பஃபலோ நகரத்துக்குத் தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில், பனிச்சறுக்கு மலை ஒன்றின் அடிவாரத்தில் செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறான். மூன்று வருடத்துக்கு முன்பு தாலியான கழுத்துருவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நகையில் கொஞ்சத்தை விற்று 12 லட்சம் கொடுத்தேன். வட்டிக்கு இல்லை, பங்குக்கு. எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். பங்கு என்றால் நல்லதிலும் பங்கு, கெட்டதிலும் பங்கு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதனால் அழவில்லை, கேட்கிறேன்.

நமக்குப் பனி என்றால் மார்கழியில் கோலம் போடும்போது தலையில் முக்காடு போட வைக்கிற பனி. அங்கே அது முழங்கால் அளவு கொட்ட வேண்டும், சறுக்குகிறவர்கள் வர வேண்டும், பசியோடு இறங்கி இவன் கடைக்குள் நுழைய வேண்டும். வருட வியாபாரத்தில் முக்கால் பங்கு டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை. அதிலும் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் நமக்குத் தை மாத முகூர்த்தம் மாதிரி. போன தடவை சரியாக அந்த வாரத்தில் மழை பெய்தது. வீடியோவில் காட்டினான்: மலை முழுக்கச் செம்பட்டைப் புல், ஆட்களை மலைக்கு ஏற்றும் நாற்காலிகள் நனைந்து கம்பியில் அசையாமல் தொங்குகின்றன, கடைக்குள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் வேலைக்காரர்கள்.

கடைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. கேட்டதற்கு, "தீப்பிடித்ததா? கூரை இடிந்ததா? இல்லையென்றால் ஒன்றும் வராது" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு தரகர் வேறு ஒரு தாளை நீட்டியிருக்கிறார். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பஃபலோ விமான நிலையத்தில் பெய்யும் பனி 60 அங்குலத்துக்குக் குறைந்தால், குறைகிற ஒவ்வோர் அங்குலத்துக்கும் 1,000 டாலர், அதிகபட்சம் 20,000. பிரீமியம் 2,400 டாலர். "அயித்தை, கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்கிறான். நான் யாரைக் கேட்பது? உங்களைத்தான்.

தேவகோட்டை சர்வேயர்:

ஆச்சிக்கு வணக்கம். நான் பொதுக் காப்பீட்டில் முப்பது வருடம் இழப்பு மதிப்பீடு செய்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று: இது ஏமாற்று வேலை இல்லை. அசல் வியாபாரம்தான். ஆனால் இந்தத் தாள் உங்கள் தம்பி மகனுக்குத் தைத்த சட்டை இல்லை.

அவருடைய கடை பாலிசியில் ஏன் வராது என்று சொல்கிறேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது என்னை அனுப்பினார்கள். அடுத்தடுத்து இரண்டு ஜவுளிக்கடைகள். ஒன்றில் தண்ணீர் புகுந்து சரக்கு நாறிப்போயிருந்தது. பக்கத்துக் கடைக்கு ஏழு படி உயரம், ஒரு துணிகூட நனையவில்லை. ஆனால் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதால் மூன்று வாரம் ஒரு வாடிக்கையாளர் வரவில்லை. முதல் கடைக்குச் சரக்குக்கும் கிடைத்தது, லாப இழப்புக்கும் கிடைத்தது. இரண்டாவது முதலாளிக்கு ஒன்றுமில்லை. பொருளுக்குச் சேதம் நேர்ந்து, அதனால் வியாபாரம் நின்றால்தான் அந்த வகைப் பாலிசி பேசும். ஆள் வராததற்கு அது வாய் திறக்காது. பனி பெய்யாத மலையும் அந்த ஏழு படிக் கடைதான்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் தரகர் சொல்லும் வகை வந்தது. இதில் நஷ்டத்தை யாரும் மதிப்பிட வர மாட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்கு வேலையே இல்லை. வானிலை நிலையத்தின் அளவு ஒப்பந்தத்தில் எழுதிய கோட்டுக்குக் கீழே இறங்கியதா, இல்லையா, அவ்வளவுதான். இறங்கினால் கணக்கு முடிந்த சில வாரங்களில் பணம் வரும், உங்களுக்கு நஷ்டமே இல்லை என்றாலும் வரும். இறங்காவிட்டால் கடையை மூடும் நிலை வந்தாலும் வராது. 1997 வாக்கில் அமெரிக்க மின்சார, எரிவாயுக் கம்பெனிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ஆரம்பித்த ஒப்பந்தங்களிலிருந்து இது பரவியது. மறு வருடக் குளிர்காலத்தில் அப்போது பனிவண்டி செய்துகொண்டிருந்த பம்பார்டியர் கம்பெனி, "பனி சரியாகப் பெய்யாவிட்டால் வண்டி வாங்கியவருக்கு 1,000 டாலர் திருப்பித் தருகிறோம்" என்று அறிவித்து, அந்தச் சுமையை என்ரான் என்ற அமெரிக்க எரிசக்திக் கம்பெனியிடம் தள்ளிவிட்டது. ஆமாம், பிறகு திவாலான அதே என்ரான்தான். 2006-ல் சிகாகோ சந்தையில் நியூயார்க், பாஸ்டன் நகரங்களின் பனிப்பொழிவு அளவின்மேல் ஒப்பந்தங்களை வாங்கி விற்க வழி செய்தார்கள். பனியை நம்பிப் பிழைப்பவனுக்கு இது தேவைதான்: நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 1995–96 குளிர்காலத்தில் 75.6 அங்குலம், 2022–23-ல் மொத்தமே 2.3 அங்குலம்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். பஃபலோவின் சராசரி ஒரு பருவத்துக்கு 95 அங்குலம் அளவில். 60 என்பது வெகு கீழே கிழித்த கோடு. பிரீமியம் மலிவாகத் தெரிவதற்கு அதுவே காரணம். அதைவிடப் பெரிய கோளாறு, அந்த ஊர்ப் பனி பெய்யும் விதத்தில் இருக்கிறது. ஈரி ஏரி இன்னும் உறையாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது குளிர்காற்று அதன்மேல் வந்தால், ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்க் குறுகலான பட்டையாகக் கொட்டும். 2022 நவம்பரில் நான்கு நாளில் ஹாம்பர்க் என்ற புறநகரில் 80 அங்குலத்துக்கு மேல். விமான நிலையத்தில் அதில் பாதிகூட இல்லை, ஏறக்குறைய மூன்று அடி. ஆச்சி, கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 60 அங்குலத்தில் பாதிக்கு மேல் சறுக்குப் பருவம் சூடு பிடிப்பதற்கு முன்பே நிறைந்துவிட்டது! பிறகு கிறிஸ்துமஸில் மழை பெய்தாலும் இந்தத் தாளில் ஒரு டாலர்கூட வராமல் போகலாம்.

அளவுமானி இருக்கும் இடம் வேறு, கடை இருக்கும் இடம் வேறு; ஒப்பந்தத்தின் ஐந்து மாதம் வேறு, உங்கள் கிறிஸ்துமஸ் வாரம் வேறு. இந்த இரண்டும் பொருந்தாத பாலிசி கடன்காரன் பெயர் தவறிப்போன பிராமிசரி நோட்டு மாதிரி.

கோட்டையூர் ஆச்சி:

சர்வேயர் அண்ணன் கையில் அடித்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். ஒரு சந்தேகம். பிரீமியம் நியாயமா, இல்லையா என்று நானே எப்படிப் பார்ப்பது? வட்டிக் கணக்கு வரும் எனக்கு. மழைக் கணக்கு வராது.

தேவகோட்டை சர்வேயர்:

அதே பேரேட்டுப் புத்திதான் வேண்டும். முப்பது வருட அளவை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்; அந்த நாட்டு வானிலைத் துறை இலவசமாகவே தருகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த ஒப்பந்தம் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று எதிரே எழுதிக் கூட்டி, முப்பதால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, முப்பதில் மூன்று வருடம் முழு 20,000 வந்திருக்கும் என்று வைத்தால் சராசரி 2,000. அதற்கு மேல் கம்பெனியின் செலவும் லாபமும். 2,400 கேட்டால் நியாயம், 5,000 கேட்டால் எழுந்து வந்துவிடலாம். இன்னொரு கண்ணும் வேண்டும்: கடைசிப் பத்து வருடத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது, கம்பெனிக்காரன் அதைப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டான்.

எப்போது வாங்குவது என்பதையும் தள்ளிப்போட வேண்டாம். வானிலை முன்னறிவிப்பு கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டால் விற்க மாட்டார்கள்.

ஸ்கார்பரோ புதுவயல்காரன்:

ஆச்சி, நான் கனடாவில் பனி அள்ளும் தொழில் செய்கிறேன். எட்டு வண்டிகள். உங்கள் தம்பி மகன் எதற்காகச் சாமி கும்பிடுகிறாரோ, அது வரக் கூடாது என்று நான் கும்பிடுகிறேன்.

எங்கள் தொழிலில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒவ்வொரு தடவை வண்டி வந்து அள்ளுவதற்கும் இவ்வளவு என்பது ஒன்று. பருவம் முழுவதற்கும் ஒரே தொகை என்பது மற்றொன்று. எனக்கு மொத்தத் தொகைதான் அதிகம். பனி பெய்யாவிட்டால் உட்கார்ந்த இடத்தில் சம்பாத்தியம், கொட்டித் தீர்த்தால் டீசலும் உப்பும் ஓட்டுநர் கூலியும் என் தலையில். 1999 ஜனவரியில் டொரான்டோவில் பனியைச் சமாளிக்க ராணுவத்தையே கூப்பிட்டார்கள். அப்படி ஒரு மாதம் வந்தால் என் எட்டு வண்டியும் ஏலத்துக்குப் போகும். அதனால் இத்தனை தடவைக்கு மேல் அள்ளினால் கூடுதல் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் உருப்படியானது அந்த ஒரு வரி.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த மலையடிவாரத்திலும் என்னைப் போல மொத்தத் தொகைக்கு அள்ளுகிறவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். பனி குறைந்தால் அவன் உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும், கூடினால் நீங்கள் அவனுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாமே? பெரிய கம்பெனிகள் செய்வதும் இதுதான், இடையில் கமிஷன் வாங்குகிறவர்கள் அதிகம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர்ச் சட்டம் இதைச் சூதாட்டம் என்று சொல்லாதபடி வக்கீல் பார்த்து எழுத வேண்டும்.

இன்னொன்றும் சர்வேயர் ஐயா சொல்லவில்லை. இப்போது பெரிய சறுக்கு மலைகளில் செயற்கைப் பனி பீச்சும் இயந்திரங்கள் இருக்கின்றன. வானத்திலிருந்து ஒன்றும் விழாவிட்டாலும், குளிரும் வறட்சியும் சேர்ந்து காற்று உறைநிலைக்கு இரண்டு டிகிரியாவது கீழே இருந்தால் இரவோடு இரவாக மலையை வெள்ளையாக்கிவிடுவார்கள். ஆகவே உங்கள் கடைக்கு எதிரி பனியின்மை இல்லை. வெப்பமும் மழையும். கேட்பதானால் வெப்பநிலைக்குப் பாலிசி கேளுங்கள்.

ஆத்தங்குடிக் கல்காரன்:

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். ஆச்சிக்குப் பனி என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. கண்ணாடியின்மேல் அச்சை வைத்து, வர்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, காயவைத்து, தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி வெயிலில் வைத்தால்தான் ஆத்தங்குடித் தரைக்கல். கண்ணாடியிலிருந்து நழுவி வரும்போது பூ பளிச்சென்று இருக்க வேண்டும். ஈரம் இழுத்துக்கொண்டால் வெள்ளை பூத்து, மொத்த வரிசையும் மங்கிப்போகும். போன கார்த்திகையில் ஒரு வளவு வீட்டுக்குச் செய்த சிவப்பு, மஞ்சள் அத்தனையும் அப்படிப் போனது. கொட்டகைக்குப் பாலிசி இருக்கிறது. கொட்டகைக்கு ஒன்றும் ஆகவில்லை! எங்களுக்கும் இந்த மாதிரி உண்டா?

தேவகோட்டை சர்வேயர்:

விவசாயிக்கு உண்டு தம்பி. 2003-லேயே இப்போதைய தெலங்கானாவின் மகபூப்நகரில் நிலக்கடலை, ஆமணக்கு போட்டவர்களுக்கு மழை அளவை வைத்து விற்றார்கள். 2007-லிருந்து அரசுத் திட்டமாகவும் நடக்கிறது. அங்கும் பழைய புலம்பல்தான்: மழைமானி ஒரு ஊரில், வயல் ஒரு ஊரில். கல் தொழிலுக்குத் தயாராகச் செய்து அடுக்கி வைத்த பாலிசி எதையும் நான் கண்டதில்லை. 2024-ல் மத்திய அரசு முன்பேரச் சந்தையில், அதாவது பின்னால் வரப்போவதற்கு இப்போதே விலை பேசும் சந்தையில், அனுமதித்த பொருள் பட்டியலில் வானிலையையும் சேர்த்தது. ஒரு கொட்டகைக்காரர் தனியாகப் போய் நிற்கும் இடம் அது இல்லை. கூரையில் ஒளி ஊடுருவும் தகடு போட்டால் எவ்வளவு ஆகும் என்று முதலில் விசாரியுங்கள். அது உங்களுக்கு மலிவான இன்ஷூரன்ஸ்.

கோட்டையூர் ஆச்சி:

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க ஆள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தாளில் கையெழுத்துப் போடவில்லை. டிசம்பர் 20 முதல் ஜனவரி 3 வரை, விமான நிலையம் வேண்டாம், மலைக்குப் பக்கத்து நிலையத்தின் வெப்பநிலை என்று மாற்றித் தரச் சொன்னான். இவ்வளவு சின்னக் கடைக்குத் தனியாக எழுதினால் எழுதும் செலவே பிரீமியத்தைத் தின்றுவிடும் என்றார் தரகர். அதுவும் நியாயம்தான். அடிவாரத்தில் சறுக்குக் கட்டை வாடகைக்கு விடுகிறவன், விடுதிக்காரன், காப்பிக்கடைக்காரி என்று ஏழு பேர் இருக்கிறார்களாம். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே பாலிசியாக அடுத்த வருடத்துக்குக் கேட்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நம் பங்காளிகளை ஒரு பந்தியில் உட்கார வைப்பதைவிட அது சுலபமாகத்தான் இருக்கும்.

இந்த வருடத்துக்கு வேறு வழி பார்த்தான். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரிடம் பேசி, குளிர்கால வாடகையில் பாதியை விற்பனையில் சதவீதமாக மாற்றிக்கொண்டான். பெரிய சறுக்குக் கம்பெனிகள் பருவச் சீட்டைப் பனி விழுவதற்கு முன்பே விற்றுப் பணத்தை வாங்கிவிடுவதைப் பார்த்து, இவனும் பத்துச் சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு என்று தள்ளுபடியில் அக்டோபரிலேயே விற்றான். 140 சீட்டுப் போயிருக்கிறது. நான் போட்ட பங்குக்கு வந்த முதல் நல்ல செய்தி.

பனி அள்ளுகிறவனையும் தேடிப் பிடித்துவிட்டான். அவன் இவனைப் பைத்தியம் என்று நினைத்தானாம், ஆனால் சுக்கா வறுவல் சாப்பிட வாரம் இரண்டு முறை வருகிறான். இருவரும் வாசலில் வெள்ளை வர்ணம் அடித்த பலகை ஒன்றை வைத்து, அங்குலக்கோலால் அளந்து எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். தினமும் காலையில் எனக்குப் படம் வருகிறது. நேற்று அரை அங்குலம்.