பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஊதா வயரைப் பார்க்காமல் போர்டைக் குறை சொல்லாதீர்கள்

தக்கலையிலிருந்து

பழைய டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை என்றதும் "போர்டு (மதர்போர்டு) போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிடுவது நம்ம பக்கம் பழக்கமாகிவிட்டது. நான் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல் வட்டாரத்தில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய்ப் பழுது பார்க்கிறவன். இப்படித் தீர்ப்பு எழுதி மாடிப்படிக்குக் கீழே தள்ளிய கம்ப்யூட்டர் பெட்டிகள் நிறையக் கைக்கு வந்திருக்கின்றன. பலவற்றில் போர்டு நன்றாகவே இருந்தது. உள்ளே ரப்பர் கடைப் பற்றுவரவு, கல்யாண போட்டோ, கோயில் கொடைக் கணக்கு என்று வேறு எங்கும் இல்லாதவை இருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். உங்களுக்கும் அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயலை நம்ம மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் திரும்பி வந்த பிறகு எனக்கு ஒரே மாதிரி அழைப்புகள். "புயலுக்கு முந்தின நாள் வரைக்கும் ஓடினதுதான். இப்ப லைட்டும் இல்ல, ஃபேனும் இல்ல." போய்ப் பார்த்தால் தண்ணீர் பட்ட அடையாளம் எதுவும் இல்லை. ஹை வோல்டேஜ் வந்து கருகிய வாசனையும் இல்லை.

காரணம் எஸ்எம்பிஎஸ்-இல், அதாவது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியில், இருக்கிறது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும், சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு சிறிய சர்க்யூட் ஓய்வே இல்லாமல் ஓடும். அது ஊதா வயர் வழியாக 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். முன்பக்கப் பட்டனை அழுத்தினால் போர்டு விழித்துக்கொள்வது அந்த 5 வோல்ட்டால்தான். அந்தச் சர்க்யூட்டில் உள்ள சின்னக் கெப்பாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பாகம்) வருஷக்கணக்கான சூட்டில் உள்ளே காய்ந்துபோகும். சூடாக ஓடிக்கொண்டிருக்கும் வரை எப்படியோ சமாளிக்கும். ஒருமுறை முழுதாகக் குளிர்ந்துவிட்டால் மறுபடி கிளம்பத் தெம்பு இருக்காது. நம் வீடுகளில் சுவர் ஸ்விட்சை அணைப்பதே இல்லை என்பதால் அது பலவீனமானது யாருக்கும் தெரியவில்லை. புயல் நாட்களில் அது குளிர்ந்தது, அவ்வளவுதான். அப்படி நின்ற பெட்டிகளுக்கு எஸ்எம்பிஎஸ் மட்டும் மாற்றிக் கொடுத்தேன், பழையபடி ஓடின.

சரி, நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, மிக்சி ஓடுகிற ஒரு பிளக்கில் நேராகச் செருகுவேன். பேட்டரி செத்த யுபிஎஸ் சில நேரம் ஆனே ஆகாது, பழி கம்ப்யூட்டர் மேல் விழும். பவர் கார்டையும் வேறொன்று மாற்றிப் பார்ப்பேன். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சின்ன ஸ்விட்ச் இருந்தால் அது ஆன் பக்கம் இருக்க வேண்டும். ரொம்பப் பழையவற்றில் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். அது 230-இல்தான் இருக்க வேண்டும். வீடு பெருக்கும்போதோ பிள்ளைகள் கையிலோ 115-க்குப் போய், அப்படியே கரண்ட் கொடுத்தால் 'டப்' என்று வெடித்துவிடும்.

அப்புறம் மல்ட்டிமீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை எஸ்எம்பிஎஸ்ஸின் ஏதாவது ஒரு கறுப்பு வயரில் வைத்து, போர்டில் செருகிய பெரிய பிளக்கின் பின்பக்கம் வழியாக ஊதா வயரில் சிவப்பு முனையைத் தொடுங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் வர வேண்டும். வரவில்லை என்றால் சுவர் ஸ்விட்சை அணைத்து, பெரிய பிளக்கைப் போர்டிலிருந்து உருவி, மறுபடி ஆன் செய்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. உருவினதும் 5 வோல்ட் வந்துவிட்டால், போர்டுப் பக்கம் ஏதோ ஒன்று அந்தக் கரண்டை இழுத்துத் தின்கிறது.

ஊதாவில் சரியாக இருந்தால், அதே பிளக்கில் உள்ள பச்சை வயருக்கு வாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை முழுதாக ஆன் ஆகச் சொல்லிப் போர்டு சிக்னல் கொடுப்பது அதன் வழியாகத்தான். பட்டனை அழுத்தாதபோது அதில் வோல்டேஜ் நிற்கும், பெரும்பாலும் 5-ஐ ஒட்டி. பட்டனை அழுத்தினதும் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் பட்டனையோ போர்டையோ பார்க்க வேண்டும். இறங்கியும் ஃபேன் சுற்றவில்லை என்றாலோ, ஒரு துடிப்பு துடித்துவிட்டு நின்றாலோ, எஸ்எம்பிஎஸ் பலவீனம் அல்லது எங்கோ ஷார்ட். அப்போது ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ், கார்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான்.

ஊதாவையும் பச்சையையும் பார்க்காமல் போர்டைக் குறை சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

குளச்சலிலிருந்து

அண்ணாச்சி சொன்னதோடு கடற்கரைக்காரன் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் உப்புக்காற்று. ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று கம்ப்யூட்டரைச் சும்மா விடுமா? பெரிய பிளக்கைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அழுத்திச் செருகியதிலேயே எழுந்த பெட்டிகள் உண்டு. போர்டில் சிபியு சிப்புக்குப் (பிராசசருக்கு) பக்கத்தில் தனியாக நான்கு வயர் பிளக் ஒன்று இருக்கும். அதையும் விடாதீர்கள். அதில் இணைப்பு சரியில்லை என்றால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கோளாறு முன்பக்கப் பட்டனில்தான். அந்தப் பட்டன் வேறொன்றும் செய்வதில்லை, போர்டில் உள்ள இரண்டு பின்களை ஒரு நொடி சேர்த்துவிடுகிறது. உள்ளே துரு ஏறிவிட்டால் எத்தனை அழுத்தினாலும் சேராது. ரீசெட் பட்டனின் வயரைப் பிடுங்கி, பவர் பின்களில் மாட்டினேன், ஆன் ஆகிவிட்டது. இன்றைக்கும் ரீசெட்டை அழுத்தித்தான் ஆன் செய்கிறோம்.

ஃபேன் சுற்றி 'பீப்' 'பீப்' என்று நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் ராம் (மெமரி கார்டு) கோளாறு. கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

நான் டிடிபி சென்டர் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, அடக்க ஆராதனை நோட்டீஸ், எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில்தான். பழைய தமிழ் ஃபான்ட்களும் அதற்குத் தோதான கீபோர்டு டிரைவரும் அந்த ஒரே விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் அது நின்றால் கடையே நின்ற மாதிரி.

ஒரு சித்திரை மாதம், சாயங்கால மழை. பெரிய இடி ஒன்று. யுபிஎஸ்ஸை முன்னாலேயே அணைத்து, பிளக்கையும் உருவியிருந்தேன். ஆனாலும் மறுநாள் மெஷின் எழவில்லை. பக்கத்து சர்வீஸ் கடையில் பார்த்துவிட்டு போர்டு எரிந்துவிட்டது என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கரண்ட் லைனே இல்லாதபோது இடி எந்த வழியாக வந்தது? யோசித்தால், டெலிபோன் லைன் மோடத்துக்கு வருகிறது, மோடத்திலிருந்து நெட்வொர்க் கேபிள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. அதை நான் கழற்றவே இல்லை. மோடமும் செத்திருந்தது.

தெரிந்த தம்பி ஒருவர் வந்து நெட்வொர்க் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்தார். எழுந்துவிட்டது! கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அந்தக் கார்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்குமாம், கார்டு ஷார்ட் ஆனதால் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டது என்றார். அண்ணன் எழுதிய ஊதா வயர் விஷயத்தைப் படித்த பிறகுதான் அது எனக்கு முழுதாக விளங்கியது. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதற்கு முன்னால் கோடையிடியும் உண்டு. மேற்கே இருட்டினால் பிளக்கோடு டெலிபோன் வயரையும் உருவிவிடுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து

ஒரு சந்தேகம் அண்ணே. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து அந்தச் சின்னக் கெப்பாசிட்டரை நாமே மாற்றலாமா? இன்னொன்று, கேபினட்டைத் தொட்டால் விறுவிறு என்று இருக்கிறது. ஆபத்தா?

தக்கலையிலிருந்து

தம்பி, திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கை உருவின பிறகும் அது உடனே இறங்காது. கைப்பழக்கம் உள்ள எலக்ட்ரானிக்ஸ்காரரிடம் கொடுங்கள், இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றுங்கள். புதிதில் வரும் 24 பின் பிளக்கில் 4 பின்னைத் தனியாகப் பிரிக்கலாம், பழைய 20 பின் போர்டுக்கும் பொருந்தும். ஆனால் சில பழைய பிராண்டட் மாடல்களில் பிளக் ஒன்றுபோல் இருந்தாலும் வயர் வரிசை வேறு. நிறம் நிறமாக ஒப்பிட்டுப் பார்க்காமல் செருகக் கூடாது.

விறுவிறுப்பு வருவது பெரும்பாலும் எர்த் இல்லாததால். எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியவிடும் சிறு கரண்ட், எர்த் இருந்தால் அந்த வழியில் போய்விடும். இல்லாதபோது கேபினட்டிலேயே நிற்கிறது. மூணு முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கி ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். பிளக் பாயிண்ட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். அதுவரை அதில் வேலை செய்ய வேண்டாம்.

குளச்சல் தம்பி சொன்ன முன்பக்கத்தில் பட்டனோடு யுஎஸ்பி ஓட்டையையும் பாருங்கள். பென்டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்ளே பித்தளைத் தகடு வளைந்து ஒன்றோடொன்று தொட்டு நின்ற கேஸ் கருங்கலில் பார்த்தேன். முன்பக்க யுஎஸ்பி வயரைப் போர்டிலிருந்து உருவினதும் பெட்டி எழுந்தது. இன்னொரு வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி போய்ச் செத்திருந்தது. பின்னால் கார்டு கழற்றிய இடைவெளி திறந்தே இருந்தால் தகடு வைத்து மூடிவிடுங்கள்.

மார்த்தாண்டம் அக்காவுக்கு ஒன்று. இப்போது மெஷின் ஓடுகிறது என்று இருந்துவிடாதீர்கள். போர்டில் சிபியுவைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த போர்டுகளில் மட்டமான கெப்பாசிட்டர் நிறையப் புகுந்திருந்தது. உப்பியிருந்தால் அதிக நாள் தாங்காது. ஹார்ட் டிஸ்கை இப்போதே பிரதி எடுத்துவிடுங்கள். டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பிரதி எடுக்க யுஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கும்போது தனி 12 வோல்ட் அடாப்டரோடு வருவதாக வாங்குங்கள், 3.5 இன்ச் டிஸ்குக்கு யுஎஸ்பி கரண்ட் போதாது. பழைய அகலப் பட்டை வயர் டிஸ்கா, புது மெல்லிய வயர் டிஸ்கா என்றும் பார்த்து வாங்குங்கள். பத்திரிகை ஃபைல்களோடு விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே எடுத்துவிடுங்கள். அது இல்லையென்றால் நாளைக்கு வேறு மெஷினில் ஃபைல் திறந்தாலும், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும்.