பயமே வரல, ஆனாலும் பழைய மான்ஸ்டர் படங்கள விட முடியல… நம்ம கேஸ் வேற யாராச்சும் இருக்கீங்களா?

வௌவால்_மாமா:
எனக்கு 46 வயசு. வீட்ல எல்லாரும் தூங்குனப்புறம் ஹெட்போன மாட்டிக்கிட்டு 1931ல வந்த ஃபிராங்கன்ஸ்டீன் பாக்குற ஆளு நான், எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே கிடையாது. சரி நமக்கப்புறம் வீட்ல ஒரு வாரிசு வேணும்ல, போன ஞாயித்துக்கிழம பொண்ண (ஏழாவது படிக்கிறா) உக்கார வச்சு அதே வருஷம் வந்த டிராகுலாவ போட்டேன், அங்கதான் சொதப்பிட்டேன்னு நெனைக்கிறேன். இருபது நிமிஷத்துல "அப்பா, மியூசிக்கே வரல, ஸ்பீக்கர் போச்சா?"னு கேக்குறா. அவ கேட்டதும் நியாயம்தான், டைட்டில்ல ஸ்வான் லேக்னு ஒரு பாலே நடன இசைல இருந்து ஒரு பிட்டு ஓடும், அப்புறம் அந்த கச்சேரி சீன விட்டா படம் பூரா மயான அமைதி. கோட்டைக்குள்ள ஆர்மடில்லோ நடந்து போகும் பாருங்க, அத பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. நம்ம அழுங்கு மாதிரி முதுகுல ஓடு இருக்குற பிராணி, அமெரிக்கா பக்கம் மட்டுந்தான் இருக்கு, அது டிரான்சில்வேனியாவுக்கு எந்த பஸ் புடிச்சு வந்துச்சுன்னு எனக்கும் தெரியல.

கேள்வி இதான். சின்னப் பசங்களுக்கு எந்தப் படத்துல இருந்து ஆரம்பிக்கலாம்? அப்புறம் உங்களுக்கெல்லாம் இன்னும் பயம் வருதா? எனக்கு சுத்தமா இல்ல, ஃபிராங்கன்ஸ்டீன்ல வர்ற மான்ஸ்டர பாத்தா பாவமாத்தான் இருக்கு, அதுக்காகவே திரும்பத் திரும்பப் போடுறேன்.

கொட்டகை_ராசா:
அண்ணே டிராகுலாலயா ஆரம்பிப்பாங்க? அது நாடகத்துல இருந்து வந்த கதை, பாதிப் படம் வரவேற்பறையில நின்னு பேசிட்டு இருப்பாங்க. டிராகுலாவா நடிச்ச பேலா லுகோசி கண்ணு மேல மட்டும் சின்னதா லைட் அடிச்சு காட்டுவான்ல, அது ஒண்ணுக்காக நாம பாப்போம், புள்ளைங்க பாக்குமா?

உங்க செல்லப் படத்தையே போடுங்க. மான்ஸ்டர் மொத மொத வர்ற எடம் ஞாபகம் இருக்கா, கதவத் தொறந்துக்கிட்டு முதுகக் காட்டி பின்னாலயே வருவான், மெதுவாத் திரும்புவான், டக் டக்குனு ஷாட் மூஞ்சிக்கு கிட்ட கிட்ட போகும், சத்தமே இருக்காது. அடுத்து அவன உருவாக்குன டாக்டர் கூரைக் கதவத் தொறந்ததும் மேல இருந்து வெளிச்சம் விழும், அவன் தலையத் தூக்கிப் பாத்து ரெண்டு கையையும் நீட்டி அந்த வெளிச்சத்த புடிக்கப் பாப்பான், உடனே மூடிருவாங்க. கை மட்டும் காத்துல அப்படியே நிக்கும். மான்ஸ்டரா நடிச்ச போரிஸ் கார்லாஃபுக்கு அதுல ஒரு வசனம் கூட கெடையாது, அப்ப அவருக்கு 43 வயசு, பேர் சொல்ற மாதிரி பெரிய வேஷம் எதுவும் அதுவரைக்கும் அமையல. கன்னம் ஒட்டிப் போய் தெரியணும்னு கட்டிப் போட்டிருந்த பல்லக் கழட்டி வச்சுட்டு நடிச்சாராம், ஜாக் பியர்ஸ் போட்ட மேக்கப்புக்கே தெனம் நாலு மணி நேரம் ஆகுமாம்.

ஸ்பாய்லர்_சித்தப்பு:
உண்மையச் சொல்றேன் அடிக்க வராதீங்க, இதுல பாதி பழைய பாசம்தான். 40கள்ல எல்லா மான்ஸ்டரையும் ஒரே அண்டாவுல போட்டு கிண்டுனான் பாருங்க, அதெல்லாம் நான் ஓட்டி ஓட்டித்தான் பாத்தேன். ஆனா ஒண்ணு, நல்ல படமெல்லாம் 80 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும், இப்ப வர்ற பேய்ப்படத்துல இன்டர்வெல்லே அப்பத்தான் வரும்.

பாப்பாவுக்கு நான் சொல்றது இன்விசிபிள் மேன், 1933. கட்டு போட்ட மூஞ்சியோட சத்திரத்துக்கு வருவான், ஊர்க்காரங்க தொல்ல தாங்காம கட்டப் பிரிப்பான், உள்ள தலையே இருக்காது! கம்ப்யூட்டரே இல்லாத காலம், உடம்பு பூரா கறுப்பு வெல்வெட்டு போட்டுக்கிட்டு கறுப்பு வெல்வெட்டு செட்டுல நடிச்சத தனியா எடுத்து இன்னொரு ஃபிலிமோட ஒட்டிருக்காங்க. கிளாட் ரெயின்ஸ் மூஞ்சியவே கடைசி சீன்ல தான் காட்டுவாங்க. அதுவரைக்கும் குரல் மட்டுந்தான், என்னா குரல்யா அது.

நீர்க்கோழி:
ஏன் எல்லாரும் 30கள்லயே நிக்கிறீங்க? 1954ல வந்த கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன் போடுங்க. அந்தப் பொண்ணு தண்ணி மேல நீந்திட்டு இருக்கும், அது தெரியாம அடியில அந்த மீன் மனுஷன் மல்லாக்க அதே வேகத்துல கூடவே நீந்துவான், ஒரு தடவ கால தொடப் போய் சட்டுனு கைய இழுத்துக்குவான். வெக்கப்படுற மான்ஸ்டர வேற எங்க பாத்தீங்க? தண்ணிக்குள்ள நடிச்சது ரிக்கோ பிரவுனிங், சிலிண்டர் கட்டுனா காத்துக் குமிழியா வரும்னு மூச்சப் புடிச்சுக்கிட்டே நடிச்சிருக்காரு. கரையில நடக்குறது வேற ஆளு. அந்த உருவத்த டிசைன் பண்ணது மிலிசென்ட் பாட்ரிக்னு ஒரு பொண்ணு, டைட்டில்ல பேர் வந்தது என்னவோ மேக்கப் டிபார்ட்மென்ட் தலைவருக்கு. இத உங்க பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லுங்க மாமா.

டோக்கியோ_தம்பி:
காட்ஸில்லா பேரையே ஒருத்தரும் எடுக்கல, அதுவும் 1954தான். அந்த உறுமல் மிருகச் சத்தமே இல்ல தெரியுமா, பிசின் தடவுன தோல் கையுறைய டபுள் பேஸ் வாத்தியத்தோட கம்பி மேல இழுத்து எடுத்தது. அந்தக் கதைக்கு தனித் திரி போடுறேன், இங்க அடக்கி வாசிக்கிறேன்.

வௌவால்_மாமா:
அப்டேட். நேத்து ராத்திரி ராசா சொன்னபடி ஃபிராங்கன்ஸ்டீன் போட்டேன். முதல்ல தலை சப்பையா இருக்குனு கிண்டல் பண்ணிட்டே இருந்தா, கூரைக் கதவு சீன் வந்ததும் கப்சிப். அப்புறம் குளத்தங்கரை. அந்தக் குட்டிப் பொண்ணு பூவ ஒண்ணொண்ணா தண்ணியில போடும், பூ மிதக்கும், இவனும் போடுவான், கையில பூ தீந்ததும் அவளும் மிதப்பான்னு நெனச்சு அவளையே தூக்கிப் போட்டுருவான். அந்தக் காலத்துல தூக்கிப் போடுறத வெட்டிட்டாங்க, அதனால அவன் கைய நீட்டுறதோட சீன் முடியும், பாக்குறவன் இன்னும் மோசமா என்னென்னமோ நெனச்சிருப்பான், 80கள்லதான் திருப்பி சேத்தாங்க. என் பொண்ணு போர்வைய இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கிட்டு "அவனுக்கு யாருமே சொல்லித் தரலப்பா"ன்னா. எனக்கு தொண்ட அடச்சிருச்சு. படம் முடிஞ்சு லைட்டப் போட்டதும், "ஃபிராங்கன்ஸ்டீன் அந்த டாக்டர் பேரு, அப்ப அவன் பேரு என்ன?"ங்குறா. முழிச்சேன்.

கொட்டகை_ராசா:
டைட்டில மறுபடி ஓட்டிக் காட்டுங்கண்ணே. எல்லா பாத்திரத்துக்கும் எதிர்ல நடிகர் பேரு இருக்கும், "தி மான்ஸ்டர்"னு போட்டு புள்ளி புள்ளியா போய் கடைசில ஒரு கேள்விக்குறி மட்டும் நிக்கும்.