புதுப்பிப்பு: காய்ச்சல் விட்டும் விடாத இருமலும் அசதியும்

ஃப்ளூ காய்ச்சல் விட்ட பிறகும் மூக்கடைப்பும் இருமலும் போகவில்லை, மாடிப்படி ஏறினாலே தளர்ந்துபோகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அக்கறையோடு விசாரித்த எல்லோருக்கும் நன்றி. மூக்கடைப்பு போய்விட்டது, இருமல் இரவில் மட்டும். அசதிதான் மெதுவாகக் குறைகிறது.

டாக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, சளி கட்டவில்லை என்றார். கிருமி போனாலும் மூச்சுக்குழாயின் உட்புறம் புண்பட்டே இருக்குமாம். இருமல் 3 முதல் 8 வாரம் வரை நீடிக்கலாம். ஆன்டிபயாடிக் தரவில்லை, வைரஸுக்கு அது கேட்காது. ஆனால் 2 வாரம் தாண்டிய இருமல் என்பதால் சளிப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். காசநோய் இல்லை என்று வந்த பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மூச்சுத்திணறலோ சளியில் ரத்தமோ இருந்தால் அன்றே போய்விடுங்கள்.