குழு: தாட்டோன் வீட்டுச் சொந்தங்கள்

மோல்மேன் அண்ணி: 📷 மாமாவின் பழைய பெட்டியில் இருந்தது. பர்மாவின் 45 கியாட் நோட்டு!

தர்ஷினி: 45ஆ? விளையாட்டு நோட்டா அண்ணி 😂

தாட்டோன் சித்தப்பா: அசல் நோட்டுதான். 90 கியாட்டும் இருந்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று திடீரென்று சொல்லிவிட்டு, அதே மாதம் இவற்றை விட்டார்கள். பழசை மாற்றியும் தரவில்லை.

தர்ஷினி: 50 என்று அடித்தால் என்னவாம்?

தாட்டோன் சித்தப்பா: அப்போது நாட்டை ஆண்ட நே வினுக்கு ஒன்பதுதான் ராசி எண் என்பார்கள். 4+5, 9+0, கூட்டிப் பார்.

மோல்மேன் அண்ணி: கணக்கு என்றால் ரங்கூன் அத்தைதான் வர வேண்டும். அத்தை, தூங்கிவிட்டீர்களா?

ரங்கூன் அத்தை: இப்போதுதான் கரண்ட் வந்தது. அந்த நோட்டுகளை வைத்து நான் பாடமே நடத்தியிருக்கிறேன்.

ரங்கூன் அத்தை: 15 கியாட் நோட்டு அப்போதும் செல்லும். 15, 45, 90 இவை மட்டும் கையில் இருந்தால், கொடுத்தும் மீதி வாங்கியும் சரியாக 100 கியாட் கட்ட முடியுமா என்று போர்டில் எழுதினேன். மீப்பெரு பொதுக் காரணி சொல்லித்தரத்தான். வகுப்பே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் ஒருத்தி, அம்மாவுக்கு மீன் கடை, பென்சிலையே தொடவில்லை. “முடியாது சயாமா (டீச்சர்). எல்லாம் பதினைந்து பதினைந்தாகத்தான் நகரும். 90ஐ விட்டால் 105” என்றாள்.

தர்ஷினி: 🔥🔥 அவர் இப்போது என்ன செய்கிறார்?

ரங்கூன் அத்தை: டாக்டராக ஆசைப்பட்டாள். பத்தாவதில் நல்ல மார்க்தான். ஆனால் மருத்துவத்துக்குப் பையன்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல் மார்க் கேட்டார்கள். அவள் வாங்கிய மார்க்குக்கு ஒரு பையனுக்கு இடம் கிடைத்தது, அவளுக்கு இல்லை. இப்போது அவளே கணக்கு டீச்சர்.

தர்ஷினி: பெண் என்பதற்காகவா? அநியாயம் அத்தை.

ரங்கூன் அத்தை: அநியாயம்தான். நான் சேரும்போது எங்கள் கான்வென்ட்டை அரசாங்கம் எடுத்து, பேருக்குப் பதில் நம்பர் போட்டுவிட்டது, ஆனாலும் பெண்கள் பள்ளியாகவே இருந்தது. வருஷா வருஷம் இதே கதை. கட்டுரைக்கு முழு மார்க் போட யாருக்கும் மனசு வராது. கணக்கில் வழியும் விடையும் சரியென்றால் போட்டே ஆக வேண்டும். என் பிள்ளைகளுக்கு அந்த ஒரு இடத்தில்தான் என்னால் மார்க் சேர்த்துக்கொடுக்க முடிந்தது. அதனால் ஒரு வரி விட்டாலும் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ராட்சசி என்று பேர் வைத்திருந்தார்கள், தெரியும்.

தாட்டோன் சித்தப்பா: அக்கா, வீட்டிலும் அதே பேர்தான் 😄

மோல்மேன் அண்ணி: 🤣🤣

தர்ஷினி: அத்தை, என் பெண்ணும் வழியே எழுதுவதில்லை. மனசிலேயே போட்டு விடையை மட்டும் எழுதுகிறாள். டீச்சர் பாதி மார்க்தான் போடுகிறார்.

ரங்கூன் அத்தை: மூளை இருக்கிறது, அப்புறம் என்ன. நாளைக் காலை ஏழு மணிக்கு வீடியோ காலில் உட்காரச் சொல். நோட்டும் பென்சிலும் போதும். கால்குலேட்டர் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது.

தாட்டோன் சித்தப்பா: பாவம் குழந்தை.

ரங்கூன் அத்தை: நீயும் வா. உனக்குப் பின்னம் இன்னும் பாக்கி இருக்கிறது.