நெல் தரிசு உளுந்து: தழைச்சத்து மண்ணுல நிக்குதா, மூட்டையோட போயிடுதா?

கடைமடைக் களிமண்:
நெல் அறுப்புக்கு முன்னாடி ஈர வயல்ல உளுந்து தெளிச்சு, அறுப்புக்கப்புறம் மிச்ச ஈரத்துல வளர விடுறோமே, அதுதான் நெல் தரிசு உளுந்து. அது வேர் முடிச்சு மூலமா காத்துல இருக்கிற தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிக்கிறதால, அடுத்த குறுவை நெல்லுக்கு யூரியா பாதி போதும்னு ஒரு பேச்சு இருக்கு. கணக்குப் போட்டா அப்படி வரலைங்க. உளுந்துல புரதம் 24 சதம். புரதத்தைத் தழைச்சத்தா மாத்த 6.25ஆல வகுக்கணும், 3.8 சதம் வருது. ஏக்கருக்கு 300 கிலோ விளைஞ்சா 11 கிலோ தழைச்சத்து மணியோட வெளியே போகுது. செடியை வேரோட பிடுங்கி களத்துல அடிச்சு, கொடியை மாட்டுக்குப் போட்டாச்சுன்னா மண்ணுக்கு மிச்சம் உதிர்ந்த இலைதான். அரிவாளால தரையோட அறுங்க, வேராவது உள்ள கிடக்கட்டும்.

மெழுகு பதம்:
வேர்ல இருக்கிறது கொஞ்சம்தான் அண்ணே, கொடிதான் சரக்கு. அடிச்சு மணி எடுத்தப்புறம் மிஞ்சுற பொட்டுல பாதியாவது வயலுக்குத் திரும்பணும். அதுக்கும் முன்னாடி வேர்ல முடிச்சு பிடிக்கணுமே. அந்த முடிச்சை உண்டாக்குற ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறின கஞ்சியில கலந்து விதையில புரட்டி நிழல்ல உலர்த்தித் தெளிக்கணும். ரசாயனப் பூஞ்சாண மருந்து கலந்த விதைன்னா 24 மணி நேரம் கழிச்சுதான் இது.

25ஆம் நாளுக்கு மேல செடியை மண்வெட்டியால மண்ணோட பெயர்த்து, வாளித் தண்ணியில அலசி, முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க. உள்ள சிவப்பா இருந்தா வேலை செய்யுது. வெள்ளைன்னா சும்மா உட்கார்ந்திருக்கு. கையால பிடுங்கிப் பார்க்காதீங்க, முடிச்சு மண்ணுலயே அறுந்து நின்னுடும்.

மூணு மா:
மெஷின் அறுப்பு வந்தப்புறம் வைக்கோல் வரிசையா குவியுது. அதுக்கடியில முளை வெளுத்துப் போகும், அன்னிக்கே உதறிப் பரப்பிடணும். வைக்கோலை மடக்கி உழுதா மண்ணு தழைச்சத்தைப் பிடிச்சு வச்சுக்குமாமே, உழாம மேல கிடந்தாலும் அப்படியா?

கடைமடைக் களிமண்:
மேல கிடந்தா மண்ணோட ஒட்டுறது கம்மி, மெதுவாத்தான் மட்கும். அதனால பிடிப்பும் கம்மி. மடக்கி உழுதா நுண்ணுயிர் வைக்கோலைத் தின்ன மண்ணுல இருக்கிற தழைச்சத்தையே எடுத்துக்கும். உடனே நட்டா பயிர் மஞ்சளடிக்கும். நடவுக்கு ரெண்டு மூணு வாரம் முந்தி மடக்குங்க.

நிஜமான நஷ்டம் கோடையிலதான். உளுந்து எடுத்ததும் கோடை உழவு ஓட்டுறோம், காத்துப் பட்ட மண்ணுல தழைச்சத்து நைட்ரேட்டா மாறி நிக்குது. ஜூன் 12 வாக்குல மேட்டூர் அணை திறந்து தண்ணி கட்டினதும் அதுல ஒரு பங்கு வாயுவாப் போயிடும். பூச்சி, களைக்காக உழுதே ஆகணும்னா சரி. இல்லைன்னா தரிசாப் போடாம பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைங்க. ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாள்ல பூக்கிற பருவத்துல மடக்கலாம். நைட்ரேட்டைச் செடி பிடிச்சு வச்சிருக்கும்.

மெழுகு பதம்:
தண்ணி வசதி இருக்கிறவங்களுக்கு அது. இல்லாதவங்க யூரியாவைக் கண்ணை மூடிக் குறைக்க வேண்டாம். நட்ட 14ஆம் நாள்லேருந்து வாரம் ஒருக்கா இலை வண்ண அட்டை (இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற, எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள அட்டை) வச்சுப் பாருங்க. நல்லா விரிஞ்ச மேல் இலைகளைப் பார்த்து, அட்டை எண்ணோட சராசரி 4க்குக் கீழ வந்தாதான் மேலுரம். வெள்ளைப் பொன்னி நெல் ரகத்துக்கு 3. அட்டை மேல வெயில் விழாம உங்க நிழல்ல வச்சுப் பார்க்கணும்.