வி-லேன்: ‘மெய்நிகர்’ வேண்டாம், ‘கூறுவலை’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரே சுவிட்சில் (கணினிகளைக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கும் கருவி) இணைந்த கணினிகளைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வி-லேன் (VLAN) என்பதற்கு, நம் குழுவில் ‘மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு’ என்ற முன்மொழிவைக் கண்டேன். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் சுவிட்சின் முன் குந்தி வேலை பார்ப்பவர் வாயில் நுழையாது. நீளத்தைவிட ‘மெய்நிகர்’ என்பதே எனக்கு உறுத்துகிறது. மெய்போலத் தோன்றுவதை மெய்நிகர் என்கிறோம். வி-லேன் செய்யும் பிரிப்போ வெறும் தோற்றமன்று.

பினாங்கு ஜோர்ஜ் டவுனில் கடைவீடு ஒன்றில் இயங்கும் அலுவலகத்துக்கு வலையமைப்பு வேலை செய்துவருகிறேன். விற்பனை முகப்பு, மாடியிலுள்ள கணக்குப் பிரிவு, வருகையாளர் அறை மூன்றும் 24 துளைகள் கொண்ட ஒரே சுவிட்சில் இணைந்திருந்தன. ஒரு நாள் வருகையாளர் அறையின் சுவர்த் துளையில் யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைச் செருகிவிட்டார். காலையில் கணக்குப் பிரிவின் கணினிகள், முகவரி தருவார் யார் என்று வழக்கம்போல் வலை முழுதும் கேட்கக் கூவியபோது, அந்த ரவுட்டர் முந்திக்கொண்டு தன் முகவரிகளை வழங்கிவிட்டது. நண்பகல் வரை ஒரு பற்றுச்சீட்டும் அச்சாகவில்லை. அதன்பின் துளைகளை மூன்று வி-லேன்களாகப் பிரித்தோம். இனி அதே ரவுட்டரை அங்கே செருகினாலும் குழப்பம் அந்த அறையோடு நிற்கும். ஏனெனில் ஒரு வி-லேனின் கூவல் மற்றொன்றுக்குக் கேட்பதில்லை. கணக்குக் கிராணி கீழ்த்தளத்துக்கு மாறியபோதும் புதிதாகக் கம்பி இழுக்கவில்லை. அவர் அமர்ந்த இடத்துத் துளையின் வி-லேன் எண்ணை மாற்றியதோடு வேலை முடிந்தது.

ஒரு மூட்டை மிளகாயைக் கூறு போடுவதுபோல ஒரே சுவிட்சைக் கூறு போடுவதால், ‘கூறுவலை’ என்று முன்மொழிகிறேன். ‘கூறும் வலை’ என்று வினைத்தொகையாகவும் படிக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். நியாயமான ஐயம், ஆனால் சுவிட்சைப் பற்றிய பேச்சில் அப்பொருள் யாருக்கும் தோன்றாது. ‘வலைக்கூறு’ என்று புரட்டினால்தான் சிக்கல்: கம்பியும் ரவுட்டரும்கூட வலையின் கூறுகள்தாமே!

கூறுவலை ஒரு சுவிட்சுக்குள் அடங்குவதுமன்று. 1998-இல் வெளிவந்த, வி-லேனுக்கான 802.1கியூ தரத்தின்படி, சுவிட்சுகளுக்கிடையே செல்லும் சட்டகங்களில் (தரவுப் பொட்டலங்களில்) எந்தக் கூறுவலையைச் சேர்ந்தவை என்று காட்ட 4 பைட் குறி ஒன்று சேர்க்கப்படுகிறது. அதில் கூறுவலையின் எண்ணுக்கு 12 பிட். கிடைக்கும் 4,096 எண்களில் முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 4,094 எஞ்சுகின்றன. இரு கூறுவலைகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் ரவுட்டர் அல்லது அந்த வேலையைச் செய்யும் சுவிட்ச் இடையில் வேண்டும். எதை அனுமதிப்பது என்ற விதிகளையும் அங்கேதான் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பிரித்ததில் பாதிப் பயன் போய்விடும்.

பல கூறுவலைகளின் சட்டகங்களை ஒன்றாகச் சுமக்கும் டிரங்க் (trunk) துளைக்கு ‘அடிமரத்துளை’ என்ற நேர் மொழிபெயர்ப்பு பொருந்தவில்லை. மரப்பொந்துதான் நினைவுக்கு வருகிறது. ‘பொதுத்தடத் துளை’ எனலாமா? கோலாலம்பூர் நண்பர்கள் பணியிடத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து