வர்த்தக ஒப்பந்தம் உங்கள் பிழைப்பைத் தொட்டதுண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொல்லிமலைக்காரன்
எங்களுக்கு இது தெரிய வந்ததே மிளகு விலையில்தான். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட கொடி. ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறித்து, மிதித்து உதிர்த்து, கறுக்கக் காயவைத்துச் சந்தைக்கு இறக்குவோம். 2016இல் கிலோ அறுநூறு, எழுநூறு என்று போனது. ரெண்டே வருஷத்தில் நானூறுக்கும் கீழே. வியாபாரியைக் கேட்டால், "இலங்கைச் சரக்கு இறங்குதுங்க, நான் என்ன பண்ணட்டும்" என்றார்.

அப்புறம்தான் விசாரித்தேன். 1998இல் கையெழுத்தான இந்தியா–இலங்கை ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்கும் தெற்காசிய ஒப்பந்தத்தில் வரி 8 சதவீதம்தான். வியட்நாம் மிளகுதான் கொழும்பு வழியாக இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று வியாபாரிகளே புலம்பினார்கள். 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்குமதி செய்யக் கூடாது என்று டெல்லி உத்தரவு போட்டது. அதற்குள் பாதிப் பேர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தோம்.

இலங்கை விவசாயி மேல் கோபமில்லை, அவரும் ஏணி ஏறுபவர்தான். ஆனால் இந்த ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல்கூடக் கட்டாயமில்லையாமே?

செக்கிங் செக்‌ஷன், திருப்பூர்
கட்டாயமில்லைதாங்க அண்ணா. எங்கள் பக்கம் கதை வேறு. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும் முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். வங்கதேசத் துணிக்கு அங்கே ஏற்கனவே வரியில்லை, இனி நமக்கும் இல்லை. ஆர்டர் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது? தொழிலாளர் உரிமைக்குத் தனி அத்தியாயமே உண்டு. அதை மீறினால் தகராறு தீர்க்கும் விதிகள்தான் அதற்குப் பொருந்தாது. ஆடிட் வருகிற அன்று புது மாஸ்க், முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு, "எட்டு மணி நேரம்தான் வேலை என்று சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் பாடம் எடுப்பார். அந்த அத்தியாயத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்தப் பஞ்சுதான் ஞாபகம் வந்தது.

ஹட்டன் அக்கா
தம்பி, தண்டனை இருந்தாலும் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். நான் இலங்கையில் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் துணி தைத்துக்கொண்டிருந்தேன். மனித உரிமை உடன்படிக்கைகளை எங்கள் அரசு நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச்சலுகையை நிறுத்தியது. திரும்பக் கிடைத்தது 2017இல். குற்றம் செய்தது யாரோ, ஓவர்டைம் குறைந்தது எங்களுக்கு.

செக்கிங் செக்‌ஷன், திருப்பூர்
சரிதான் அக்கா. அதனால்தான் மெக்சிகோ ஏற்பாடு எனக்குப் பிடிக்கிறது. 2020இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா–மெக்சிகோ–கனடா ஒப்பந்தத்தில் தொழிலாளர் உரிமைப் புகார் ஒரு தொழிற்சாலை மேலேயே போகும். வரிச்சலுகையை இழப்பதும் அந்த ஆலைதான். மெக்சிகோவின் சிலாவ் நகர ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021இல் சங்கம் போட்ட கூலி ஒப்பந்தத்தின் மேல் நடந்த ஓட்டெடுப்பில் தில்லுமுல்லு என்று புகார் கிளம்பியது. மறு ஓட்டெடுப்பில் பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தைத் தொழிலாளர்கள் தூக்கியெறிந்து, அடுத்த பிப்ரவரியில் சுயேச்சையான சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டன் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி இருந்திருந்தால் எங்கள் சூப்பர்வைசர் பாடம் எடுக்க யோசிப்பார்.